முதல் திங்கள், மதியம் பன்னிரண்டு

"ஓட்டல்ல ரூம் போட்டுத் தங்கியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் யாரும் பஸ் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறி, மணிக்கட்டில் ஓட்டல் பட்டையை மாட்டிக்கொண்டு, மூன்று வேளையும் தட்டை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது, தெரியும். ஆனாலும் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரூலோஃபைப் பற்றி யார் யாரோ பேசியாகிவிட்டது. எட்டுக் கோடைகள் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் நான், என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன்.

ரூலோஃபுக்கு ஊர் த்ரோண்டன். கடலை வற்றவைத்து, அந்தக் கடலடி மண்மேல் கட்டிய ஊர். எங்கள் நெதர்லாந்தில் அப்படி நிறைய உண்டு. டவுன் பஸ் டிரைவர். கூடாரத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டாக மடிய வேண்டும், அவ்வளவு உயரம். பேச்சு அதைவிட நீளம். மனைவி ஃபென்னா முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாதி நேர வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, நடுவில் மூன்று கர்ப்பம் கலைந்து, தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே மகள் இம்கே. நான் சொல்லப்போகிற கோடையில் அவளுக்கு ஒன்பது வயது.

நான் வில்லமீன். ஸ்வோல்லெ ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். தனிக்கட்டை. வாய் கொஞ்சம் துடுக்கு என்பார்கள், அது பொய்யில்லை. ரூலோஃப் முதல் நாளே என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தான், கடைசிவரை அதை மாற்றவில்லை.

தெற்கு பிரான்சில் வெர்நாக் என்று ஒரு சின்ன ஊர். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஊர், இந்தக் கரையில் ஊராட்சி நடத்துகிற கூடாரத் திடல். திடலில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு. மேலே மின்சாரம் உண்டு, வாடகை ஜாஸ்தி. பெரிய பெரிய வண்டிவீடுகளோடு ஜெர்மன்காரர்கள் அங்கே நிற்பார்கள். கீழே, ஆற்றுக்குப் பக்கத்திலேயே, மின்சாரம் கிடையாது, வாடகையும் பாதிதான். அந்த வரிசை முழுக்க நாங்கள்தான். 'டச்சுத் தெரு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கீழே மட்டும் ஏன் கம்பி இழுக்கவில்லை என்று எட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. மலிவாகக் கிடைக்கிற இடத்தில் எவன் காரணம் கேட்பான்.

ஓட்டலில் மூன்று ராத்திரிக்குக் கொடுக்கிற காசில் அங்கே ஒரு குடும்பம் மூன்று வாரம் தங்கலாம். ரூலோஃப் அதையும் குறைக்க வழி பார்ப்பான். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, வேர்க்கடலை வெண்ணெய் நாலு டப்பா, ரொட்டிமேல் தூவுகிற சாக்லேட் துருவல், காப்பிப் பொடி, ஈரத்துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி, கழிப்பறைக் காகிதம் வரை எல்லாம் ஊரிலிருந்தே வண்டியேறும்.

"ஏம்ப்பா, பிரான்ஸ்லயும் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளதானே விளையுது?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"விளையட்டும் டீச்சர். ஆனா அது பிரெஞ்சு பேசுற கிழங்கு. நம்ம சட்டியில வேகச் சொன்னா லஞ்ச் டைம்னு சொல்லிடும்."

காலையில் அக்குளில் காகித உருளையை இடுக்கிக்கொண்டு எங்கள் வரிசை கழிப்பறைக்கு நடக்கிற அழகை மேல் வரிசைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். ரூலோஃப் உருளையைத் தூக்கிக் காட்டி வணக்கம் வைப்பான்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் வேலையில் விடியற்காலை ஷிப்டு, பின்னிரவு ஷிப்டு என்று மாறி மாறி வரும். மகளைத் தூங்குகிறபோதுதான் பார்ப்பான். இந்த மூன்று வாரமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் முகத்திலேயே விழித்துக்கொண்டு கிடக்கலாம். ஓட்டல் என்றால் நாலு நாளில் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். "எனக்கு வருஷத்துக்கு இருபத்தோரு நாள்தான் டீச்சர்," என்பான். "மத்ததெல்லாம் வண்டி ஓட்டுறது." அவன் சிக்கனமெல்லாம் அந்த நாள்களை இழுத்துப் பிடிக்கத்தான்.

இம்கே அப்பாவின் வாலைப் பிடித்துக்கொண்டே திரிவாள். அப்பா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியில் புழு இருக்கும் என்று அவன் வேடிக்கைக்குச் சொல்லப்போக, பிள்ளை மூன்று வருஷம் அதைத் தொடவில்லை. "நீ சொல்றதையெல்லாம் அவ வேதவாக்கா எடுத்துக்கறா, பார்த்துப் பேசு," என்று ஃபென்னா சொல்வாள். அவனுக்கு அதில் ரகசியமாய் ஒரு பெருமை.

இப்போது யோசித்தால் அந்த இடம் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறது. எங்கள் கூடாரங்களுக்கு மேலே இருந்த நெட்டை மரங்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, காய்ந்த புல்லும் கந்தலும் சுருண்டு தொங்கும். "அது எந்தப் பறவையோட கூடு?" என்று இம்கே கேட்டாள். "ஆறு துணி காயப்போட்டிருக்கு," என்றான் ரூலோஃப். அதே கிளைக்குக் கீழே ஃபென்னாவும் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். குளியலறைச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு நீலக் கோடும் ஒரு வருஷமும் எழுதியிருந்தது. எப்போதோ வெள்ளம் ஏறின மட்டம் என்று தெரிந்துகொண்டேதான் அதற்குக் கீழே துண்டு மாட்டினோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே நாலு பாஷையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எங்கள் டச்சு மொழியை யாரோ அகராதியைப் பார்த்துக் கொலை செய்திருந்தார்கள். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா. சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்து பிழையைத் திருத்தினேன். 'அபாயச் சங்கு ஒலித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்குப் போகவும்' என்பதுதான் அதில் இருந்தது. பிழைகள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. சொன்ன சேதி அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

திடலைப் பார்த்துக்கொண்டது மதாம் ஷபேர் என்ற அம்மாள். மொபெட்டில் சுற்றுவாள், கையில் ஒலிபெருக்கி. கரி அடுப்பு மூட்டாதே, பந்தை வேலிக்கு வெளியே அடிக்காதே, ஒன்றரை மணிக்குமேல் சத்தம் போடாதே என்று எதற்காவது கத்திக்கொண்டே இருப்பாள். அவள் வருகிற சத்தம் கேட்டாலே ரூலோஃப் அடுப்பை எடுத்து நாற்காலிக்கு அடியில் ஒளிக்கிற மாதிரி நடிப்பான். அந்த வருஷம் மட்டும் அவள் ஒருநாள் மொபெட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். இவ்வளவு வெயில் நல்லதுக்கில்லை, மேலே மலையில் ஏதோ கூடுகிறது என்றாள். நான் அதை அப்படியே ரூலோஃபிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "டீச்சர், எங்க வீட்டுப் படுக்கை கடல்மட்டத்துக்கு நாலு மீட்டர் கீழ கிடக்கு. சுத்தி அத்தனை தண்ணியையும் வெச்சுக்கிட்டு நான் குறட்டை விடறேன். முழங்கால் ஓடைக்கு என்னைப் பயப்படச் சொல்றாளா அந்தம்மா?"

"முழங்கால் ஓடைதான். எனக்கென்னவோ மனசுக்குச் சரியாப் படல," என்றாள் ஃபென்னா.

"தண்ணி வரணும்னா அது முதல்ல டைம்டேபிள் போடும். ஒவ்வொரு அங்குலமா ஏறும். நமக்குக் காப்பி குடிச்சு முடிக்க நேரம் இருக்கும்."

எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படித்தான். சமதரையில் அது மெதுவாக ஏறும், முந்தின நாளே செய்தியில் சொல்வார்கள், பம்பு போடுவார்கள். மலைத் தண்ணீரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆகஸ்டு மாதம் முதல் திங்கட்கிழமை. முந்தின ராத்திரி வடக்கே மலைமேல் வெகுநேரம் மின்னிக்கொண்டிருந்தது, இடியே கேட்கவில்லை. விடிந்தபோது எங்களுக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. பதினோரு மணிக் காப்பி குடிக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. நேற்றுவரை கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. இலையும் சுள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின.

ஆற்றின் நடுவில் ஒரு கல்திட்டு உண்டு. எங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும், கத்திக் கூப்பிட்டால் கேட்கும். இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர். இம்கே அங்கேதான் இருந்தாள், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு. கூட மாயெல் இருந்தாள். அந்தக் கரை ரொட்டிக் கடைக்காரர் மகள், இம்கேயைவிட இரண்டு வயது மூத்தவள். மூன்று கோடையாக இரண்டு பேரும் சிநேகம். பாதி டச்சு, பாதி பிரெஞ்சு, மீதி கைஜாடை என்று அவர்களுக்கு ஒரு பாஷை இருந்தது. அதை நான் திருத்தப் போனதில்லை. இரண்டு பேரும் கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டுக்குச் சாப்பாடு. ரூலோஃப் வீட்டில் அதில் ஒரு நிமிஷம் பிசகாது. ஃபென்னா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவர்கள் மேஜையில்தான் இருந்தேன், அன்றைக்கு என் முறை தக்காளி நறுக்குவது.

அப்போதுதான் அந்தக் கரையிலிருந்து அபாயச் சங்கு ஊதியது.

இதை உங்களுக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியவில்லை. எங்கள் நாட்டில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நாடு முழுக்க அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள், வேலை செய்கிறதா என்று. ஒருத்தரும் தலை நிமிர மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதம் பிள்ளைகள் மிரளும், "முதல் திங்கள், ஒண்ணுமில்ல" என்று சொல்லி உட்காரவைப்போம். எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எதிரி படையெடுத்து வரணும்னா முதல் திங்கள் பன்னண்டு மணிக்கு வந்தாப் போதும், ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான் என்பது எங்களிடையே கிழட்டு ஜோக்.

ஃபென்னா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன இது? இம்கேயைக் கூப்பிடவா?"

ரூலோஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த திருப்தியை இப்போதும் மறக்க முடியவில்லை. "பன்னண்டு. அடிச்சான் பாரு, செகண்டு பிசகாம. உட்காரு ஃபென்னா, முதல் திங்கள்."

"ஏறி ஏறி இறங்குது. நம்ம ஊர்ல இப்படி ஊதாது."

"பிரெஞ்சுக்காரன் சங்கு. அதுவும் பாட்டாத்தான் வரும்."

அடுத்த கூடாரத்தில் ஹார்ம் என்று ஒரு தபால்காரர், அவர் பங்குக்கு, "எதிரி வந்துட்டான், ரொட்டியை ஒளிச்சு வைங்க," என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நாலு பாஷை அறிவிப்பைத் திருத்தினவள், பிரெஞ்சு தெரிந்தவள், நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஃபென்னா நின்றபடியே திட்டைப் பார்த்தாள்.

"அவ பாட்டுக்கு விளையாடட்டும், விடு," என்றான் ரூலோஃப். "சாப்பாடு எடுத்து வெச்சதும் நானே போய்த் தூக்கிட்டு வரேன்."

அவள் உட்கார்ந்தாள். நான் தக்காளியை நறுக்கி முடித்தேன். உப்பு எங்கே என்று தேடினோம்.

பிரான்சில் சோதனைக்கு ஊதுவது முதல் புதன்கிழமையாம். பிறகு தீயணைப்புப் படைத் தலைவர் எனக்குச் சொன்னார். ஐந்து நாளுக்கு முன்னால் புதனன்று ஊதியும் இருக்கிறார்கள். புதன் பக்கத்து ஊரில் சந்தை. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் புதனன்று மலிவு விலைக் காய்கறிக்கு அங்கே போய்விடுவோம். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தச் சங்கை நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் கரைக்குப் போயிருந்த மதாம் ஷபேர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் எட்டு நிமிஷம் ஆகிவிட்டது. மொபெட் சத்தம் கேட்டதும் ரூலோஃப் வழக்கம்போல அடுப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். ஹார்ம் கைதட்டினார். அவள் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்தாள், குரல் உடைந்து போயிருந்தது. எனக்குச் சொற்கள் முதலில் விளங்கவில்லை, சிரிப்பு அடங்கினபிறகுதான் விளங்கியது. ஏறுங்க, எல்லாத்தையும் விட்டுட்டு ஏறுங்க, ஆறு வருது.

நான் மொழிபெயர்த்துக் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நாற்காலிகள் சாய்ந்தன. ஆற்றின் சத்தம் அப்போதே வேறாக இருந்தது, தூரத்தில் கூட்ஸ் வண்டி வருகிறமாதிரி. திட்டில் இம்கே எழுந்து நின்றிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த கல்லெல்லாம் முழுகி, ஒரு மேஜை அகலம்தான் மிச்சம். மாயெலைக் காணவில்லை. ரூலோஃப் ஓடினான். முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இடுப்பளவு பழுப்பாக ஓடியது. இரண்டு எட்டு வைத்தான், மூன்றாவதில் அவனைப் புரட்டிக்கொண்டு போய்விட்டது. அரைக் கிலோமீட்டர் கீழே இரண்டு ஜெர்மன்காரர்கள் கயிறு வீசி அவனை இழுத்துப் போட்டார்கள்.

பெரிய தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் ஃபென்னாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் நின்றேன். அவள் கண்ணை என் கையால் பொத்தினேன். என் கண்ணைப் பொத்த யாரும் இல்லை. நான் பார்த்ததை எழுத மாட்டேன்.

மறுநாள் காலை பதினோரு கிலோமீட்டர் தள்ளி இம்கே கிடைத்தாள். டச்சுத் தெருவில் மற்ற எல்லோரும் பிழைத்துக்கொண்டோம்.

எங்களை ஊர் மண்டபத்தில் படுக்கவைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் சூப்பும் துணியும் கொண்டுவந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ரூலோஃப் யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கை எட்டாமல் மணிக்கட்டு தெரிய, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தையல். ஃபென்னா அவன் முதுகில் கையை வைத்திருந்தாள். நான் எழுந்தேனே, கூப்பிடவா என்று கேட்டேனே என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை.

சாயங்காலம் ரொட்டிக் கடைக்காரர் மனைவி மாயெலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. "இவங்ககிட்டச் சொல்லணும்னு ராத்திரியிலேருந்து அழுறா," என்றாள் தாய் என்னிடம். மாயெல் ரூலோஃபின் முன்னால் போய் நின்று, அவனைப் பார்த்துத்தான் பேசினாள், பிரெஞ்சில். அவனுக்கு 'ரொட்டி', 'நன்றி' தவிர ஒன்றும் தெரியாது.

அவள் சொன்னது இது. "சங்கு ஊதினதும் நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். எங்க வீட்டுக்கு ஓடலாம் வான்னேன். சிரிச்சா. 'திங்கக்கிழமை, திங்கக்கிழமை'ன்னா. ஆறு வரப்போகுது, வாடின்னேன். அப்போ உங்க கரையைக் காட்டினா. 'அதோ பாரு, அப்பா உட்கார்ந்துதானே இருக்கார்'ன்னா. அம்மா எழுந்தாங்க, திரும்ப உட்கார்ந்துட்டாங்க. 'பார்த்தியா'ன்னு கேட்டா. நான் ஓடிட்டேன். கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன், கல்லு அடுக்கிக்கிட்டிருந்தா. எனக்குக் கையாட்டினா."

சொல்லிவிட்டு அவள் தாயின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரூலோஃப் மெதுவாக என் பக்கம் திரும்பினான். 'பப்பா' என்ற சொல் பிரெஞ்சிலும் டச்சிலும் ஒன்றே. அது மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது.

"பப்பான்னு சொன்னாளே. இம்கே என்னைப் பத்தி என்னமோ சொல்லியிருக்கா. என்ன டீச்சர் சொன்னா?"

இருபத்தெட்டு வருஷம் ஒரு சொல்லை மாற்றி எழுதின பிள்ளைக்கு நான் மார்க் போட்டதில்லை. அந்த மண்டபத்தில், அத்தனை பேருக்கு நடுவில், உள்ளதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவனுக்கு ஆறுதலாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"மாயெல் கூட வான்னு கூப்பிட்டாளாம்," என்றேன். "வரலன்னுட்டாளாம். 'அப்பா வந்து என்னைக் கூட்டிட்டுப் போவார்'னு சொன்னாளாம்."

அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பலமாகத் தலையாட்டினான். நல்ல பொய்யாகத்தான் சொல்லிவிட்டோம் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். அது அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது.

பதினொரு வருஷம் ஆகிறது. ரூலோஃப் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டான். அதே டிப்போவில் ராத்திரி திரும்புகிற வண்டிகளைக் கழுவுகிறான். ஃபென்னா அவனை விட்டுப் போகவில்லை, போவாள் என்று பந்தயம் கட்டினவர்கள் தோற்றார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். காப்பி, ஒரே ஒரு பிஸ்கட், எங்கள் ஊர் வழக்கப்படி டப்பாவை மூடிவிடுவார்கள். பருவநிலை, ஓய்வூதியம், என் முழங்கால் வலி என்று பேச்சு போகும். ஃபென்னா பாத்திரம் கழுவ எழுந்து போனதும் அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொள்வான்.

"சங்கு ஊதினப்போ பன்னண்டு," என்பான். "அந்தம்மா வந்தப்போ பன்னண்டு எட்டு. நான் பார்த்தேன், என் கடிகாரம் தப்பாது. எட்டு நிமிஷம் டீச்சர். அந்த எட்டு நிமிஷமும் பிள்ளை நின்னுக்கிட்டு என் பக்கமே பார்த்துக்கிட்டிருந்திருக்கா, இல்ல? இப்ப வருவார், இப்ப வருவார்னு. நான் உப்பு தேடிக்கிட்டிருந்தேன்."

போன ஞாயிறும் கேட்டான். எவ்வளவு பயந்திருப்பா, எத்தனை தடவை கூப்பிட்டிருப்பா, எனக்கு ஏன் கேட்கல என்று. அவள் பயப்படவே இல்லை, கூப்பிடவும் இல்லை, தண்ணீர் வந்து காலைத் தொடும்வரை சந்தோஷமாகக் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு நிம்மதியையாவது அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் சங்கு ஊதியும் பிள்ளை ஏன் பயப்படவில்லை என்று அடுத்ததாகக் கேட்பான்.